கேள்வி – பதில்: உடம்பின் மணிக்கூடும் வெளிச்ச வைத்தியமும்

கேள்வி: காலபோக வயலில் யானைக் காவலுக்குப் போகிறேன். இரவு 8 மணிக்குப் பரணில் ஏறினால் விடிந்துதான் இறங்குவேன். வீட்டுக்கு வந்து படுத்தால் 10 மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. பகல் முழுக்கத் தலைப்பாரம். நித்திரைக் குளுசை போடலாமா?
– விவசாயி, நெடுங்கேணி

பதில்: குளுசையை விடுங்கள். அதன் மயக்கம் இரவில் மிச்சமிருந்தால் யானை வரும் சத்தம் கேட்காது. உங்கள் நித்திரையைக் கெடுப்பவை இரண்டு: வீடு திரும்பும் வழியில் முகத்தில் அடிக்கும் வெயில், மற்றது வீட்டுக் கூரை.

மூளையில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உடம்பின் மணிக்கூடு இருக்கிறது. தன் பாட்டுக்கு விட்டால் அது 24 மணித்தியாலத்தை விடக் கொஞ்சம் பிந்தியே ஓடும். அதை நாள்தோறும் திருத்துவது கண்ணில் படும் வெளிச்சம், அதிலும் முக்கியமாக நீல வெளிச்சம். இரவு 10 மணிக்குப் படுத்து 5.30க்கு எழும்பிப் பழகியவரின் உடற்சூடு விடியப்புறம் 3 – 4 மணியளவில் ஆகக் குறையும். அதற்கு முன் படும் வெளிச்சம் மணிக்கூட்டைப் பிந்த வைக்கும், பின் படுவது முந்த வைக்கும். நீங்கள் காலை வெயிலில் வரும்போது "பகல் தொடங்கிவிட்டது" என்ற செய்தி மூளைக்குப் போய்விடுகிறது.

காவல் அறுவடை வரைக்கும்தான். அதற்காக மணிக்கூட்டை முழுதாகப் புரட்ட வேண்டாம், காவலில்லாத இரவில் கொட்டக் கொட்ட முழித்திருப்பீர்கள். வரும்போது அகன்ற தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ போடுங்கள். ஆனால் மோட்டார் சைக்கிளில் கண் சொருகுகிற நிலையில் கறுப்புக் கண்ணாடி ஆபத்து. பரணிலேயே 20 நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுப் புறப்படுங்கள். வந்ததும் இலேசாகச் சாப்பிட்டு 7.30க்குள் படுங்கள். யன்னலுக்குக் கறுப்புத் துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். நீட்டிய கையின் ரேகை தெரியாத அளவு இருட்டு வேண்டும். தகரக் கூரை 10 மணிக்கெல்லாம் காய்ந்துவிடும். உடற்சூடு இறங்கினால்தான் நித்திரை நிலைக்கும் என்பதால், தகரத்தின் மேல் கிடுகு பரப்புங்கள், அல்லது கிடுகு வேய்ந்த கொட்டிலில் படுங்கள். பின்னேரம் காவலுக்குப் போகுமுன் இன்னொரு ஒன்றரை மணித்தியாலம் தூங்குங்கள். பரணில் தேத்தண்ணி நள்ளிரவோடு சரி: அதில் நித்திரையைக் கலைக்கும் கஃபீனில் பாதி, ஐந்தாறு மணித்தியாலம் கழித்தும் உடம்பில் நிற்கும். காவல் தீயின் செந்நிற வெளிச்சத்தில் நீலம் குறைவு, அதனால் அவ்வளவு கெடுதல் இல்லை.

கேள்வி: பிறந்து 4 நாளான பிள்ளைக்கு மஞ்சள் கூடிவிட்டதென்று நீல வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். காலை வெயில் காட்டினால் போதும் என்கிறார் மாமி. மலமும் பச்சையாகப் போகிறது. பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், முள்ளியவளை

பதில்: மாமி சொல்வது வெறும் பேச்சில்லை. இந்த வைத்தியமே வெயிலில் பிறந்ததுதான். 1956இல் இங்கிலாந்தின் றொச்ஃபோட் ஆஸ்பத்திரியில் ஒரு தாதி, குறைமாதப் பிள்ளைகளை முற்றத்து வெயிலில் வைத்து எடுப்பார். ஒருநாள் ஒரு பிள்ளையின் உடம்பெல்லாம் மஞ்சள் வெளிறியிருக்க, துணியின் மூலை மூடியிருந்த முக்கோணம் மட்டும் கடும் மஞ்சளாகத் தெரிந்தது. 1958இல் வைத்தியர் கிறீமரும் அவரோடு வேலை செய்தவர்களும் விளக்கைக் கொண்டு அதையே செய்து காட்டினார்கள்.

வெயிலை விட்டு விளக்குக்குப் போனது அளவுக்காக. வெயிலில் புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்தே வரும். தோல் கருகும், பிள்ளை நீர் வற்றும், முகில் மூடினால் மருந்தே இல்லை. விளக்கில் வேண்டியது 460 – 490 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீலம் மட்டுமே. மஞ்சள் நிறத்தைத் தரும் பொருள் பிலிருபின். தோலிலுள்ள அதன் உருவத்தை நீல வெளிச்சம் மாற்றிவிடும். மாறியது தண்ணீரில் கரையும். ஈரல் பக்குவப்படுத்தாமலே பித்தத்தோடும் சிறுநீரோடும் வெளியேறும். பச்சை மலம் அந்தக் கழிவுதான், பயப்பட வேண்டாம்.

வெளிச்சம் பட்ட தோலில்தான் வேலை நடக்கும். ஆகவே நாப்பியும் கண்மூடியும் தவிர வேறெதுவும் பிள்ளையின் மேல் இருக்கக் கூடாது. குளிரும் என்று சால்வை போர்த்துவதுதான் வாட்டில் அடிக்கடி நடக்கும் பிழை. கண்மூடி சரிந்து மூக்கை அடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். 2 – 3 மணித்தியாலத்துக்கொரு தடவை பால் கொடுத்துவிட்டு உடனே திரும்ப வையுங்கள். பழைய குழல் விளக்கு கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும் நீலம் தேய்ந்திருக்கலாம். அதைக் கருவியால் அளந்துதான் அறிய முடியும், தாதியிடம் கேட்பதில் தவறில்லை.

வெளிச்சத்தில் வைத்த பிறகு தோல் நிறத்தை நம்ப முடியாது, இரத்தப் பரிசோதனைதான் கணக்கு. நிறுத்திய பின்னும் 12 – 18 மணித்தியாலத்தில் ஒரு தடவை பார்ப்பார்கள், மஞ்சள் திரும்ப ஏறக்கூடும். அதற்கு முன் துண்டு வெட்டச் சொல்லி அவசரப்படாதீர்கள். வீட்டில் பிள்ளையின் உடுப்புக்குள் பூச்சி உருண்டை போட வேண்டாம். ஜீ6பீடீ என்ற நொதியம் குறைந்த பிள்ளையின் செங்குருதிக் கலங்களை அது உடைத்து மஞ்சளை ஏற்றிவிடும். பால் குடிக்க எழும்பாமல் சோர்வது, கீச்சென்ற அழுகை, உடம்பை வில்லாக வளைப்பது – இவற்றில் ஒன்று கண்டாலும் இரவென்று பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 14 நாளுக்குப் பிறகும் மஞ்சள் நின்றாலோ, மலம் வெள்ளைக் களிபோல் போனாலோ மிட்வைஃப் அம்மாவுக்குச் சொல்லிவிட்டு அன்றே காட்டுங்கள்.

கேள்வி: மனச்சோர்வுக்குக் குளுசை எடுக்கும் தங்கச்சிக்குக் கனடாவிலிருந்து ஒரு வெளிச்சப் பெட்டி அனுப்பியிருக்கிறார்கள். பாவிக்கலாமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: ரொறன்ரோவில் மார்கழிப் பகல் 9 மணித்தியாலமளவுதான். அங்கே மாரியில் வரும் மனச்சோர்வுக்கென்றே அந்தப் பெட்டி: 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), காலையில் 30 நிமிடம். வன்னியில் ஆகக் குறுகிய பகலே பதினொன்றரை மணித்தியாலத்துக்கு மேல். அறைக்குள் மின்குமிழ் தருவது சில நூறு லக்ஸ்தான். காலை 8 மணிக்கு முற்றத்து வேம்பின் நிழலில் அரை மணித்தியாலம் இருந்தாலே அந்த மின்குமிழைப்போலப் பல மடங்கு கண்ணுக்குக் கிடைக்கும். பெட்டியை மனநல கிளினிக்கில் கேட்காமல் போட வேண்டாம். எப்போதாவது தங்கச்சி அளவுக்கு மிஞ்சிய உற்சாகத்தோடு, நித்திரையில்லாமல் ஓடித்திரிந்த நாட்கள் இருந்தனவா? இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், கூடிய வெளிச்சம் அந்த நிலையைத் திரும்பக் கிளப்பிவிடக் கூடும். விழித்திரை நோய் இருந்தால் கண் வைத்தியரையும் கேளுங்கள். குளுசையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.