டாக்டருக்கு 7, எனக்கு 9: செயலியின் எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. வயிற்று வலிக்காக எடுத்த ஸ்கேனில் வலது சிறுநீரகத்தில் 3.8 செ.மீ. கட்டி தெரிந்தது. சிடி ஸ்கேனும் எடுத்தோம். டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, செல்போன் செயலி ஒன்றில் எதையோ தட்டினார். "7 வருகிறது, கட்டியை மட்டும் எடுத்து சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிடலாம்" என்றார். அதே செயலியில் நானும் ரிப்போர்ட்டைப் பார்த்துப் போட்டேன். 9 வந்தது. புற்றுநோய் முற்றிவிட்டதா? செல்போனைப் பார்த்தா ஆபரேஷனை முடிவு செய்வார்கள்?
– வாசகி, திருப்பூர்

பதில்: அந்த எண்ணுக்கும் நோய் முற்றியதற்கும் சம்பந்தமில்லை. கட்டியை மட்டும் வெட்டி எடுப்பது எவ்வளவு சிரமம் என்பதைத்தான் அது சொல்கிறது. கட்டி புற்றுநோயா என்பதைக்கூட அது சொல்லாது. 4 செ.மீ.க்குள் உள்ள கட்டிகளில் சுமார் 5-ல் 1 சாதாரணக் கட்டியாகவே இருக்கும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது ரீனல் ஸ்கோர். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் குடிகோவ், உஸ்ஸோ என்ற இரண்டு டாக்டர்கள் 2009-இல் வெளியிட்ட கணக்கு. மாம்பழத்தில் அழுகல் தோலோரம் இருந்தால் சீவி எறிந்துவிடலாம். கொட்டைவரை போயிருந்தால் கத்தி தயங்கும், இல்லையா? அதே யோசனைதான். கட்டியின் அளவு என்ன, பாதிக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதா அல்லது உள்ளே புதைந்திருக்கிறதா, சிறுநீர் சேரும் அறைக்கு எத்தனை மில்லிமீட்டர் தூரம், மேல் கீழ் முனைகளில் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா என்று நான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 மதிப்பெண், சிரமம் கூடினால் மதிப்பெண்ணும் கூடும். முன்பக்கமா பின்பக்கமா என்றும் குறிப்பார்கள், அதற்கு மதிப்பெண் கிடையாது. கூட்டினால் 4-லிருந்து 12 வரை வரும். செயலி செய்வது இந்தக் கூட்டலை மட்டும்தான். என் தலைமுறை டாக்டர்கள் இதை மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் போட்டிருக்கிறோம்.

சரி, உங்களுக்கு ஏன் 9? உங்கள் கையில் இருந்தது ரிப்போர்ட், டாக்டர் பார்த்தது படம். ரிப்போர்ட்டில் பெரும்பாலும் "நடுப்பகுதியில்", "சிறுநீர் அறையை ஒட்டி" என்றுதான் எழுதியிருப்பார்கள். அதைப் படித்தால் யாரும் இரண்டுக்கும் 3 போடுவார்கள். டாக்டர் படத்தில் அளந்தபோது அறைக்கு 5 மி.மீ. இடைவெளி இருந்திருக்கலாம், அதற்கு 2. கட்டியின் பெரும்பகுதி கீழ்முனையில் இருந்து, கொஞ்சம் மட்டும் நடுப்பகுதிக்குள் வந்திருந்தால் அதற்கும் 2. அங்கேயே இரண்டு மதிப்பெண் குறைந்துவிட்டது. இதெல்லாம் என் ஊகம்தான், படத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள்: 7, 8, 9 மூன்றும் "நடுத்தரச் சிரமம்" என்ற ஒரே பிரிவுதான். ஒரே படத்தைப் பார்க்கும் இரண்டு நிபுணர்களுக்கே ஒரு மதிப்பெண் முன்பின் வருவது உண்டு.

எனக்கு இந்த எண்ணைவிட ரத்தக்குழாய்தான் முக்கியமாகப் படுகிறது. சுமார் 4 பேரில் ஒருவருக்கு ஒரு சிறுநீரகத்துக்கே ஒன்றுக்கு மேற்பட்ட தமனிகள் இருக்கும். கட்டியை வெட்டும்போது ரத்தம் பீறிடாமலிருக்க தமனியைக் கவ்வியால் கொஞ்ச நேரம் அடைப்பார்கள். இன்னொரு தமனி இருப்பது தெரியாமல் ஒன்றை மட்டும் அடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்கோர் அதைச் சொல்லாது. மருந்து ஏற்றிய சில நொடிகளில், தமனிகள் பளிச்சென்று தெரியும்போது எடுத்த சிடி படம் சொல்லும். அதனால் ஸ்கேன் சென்டரில் குறுந்தகட்டைக் கேட்டு வாங்குங்கள். அச்சடித்த ஃபிலிமை செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எதையும் அளக்க முடியாது. குறுந்தகட்டில் மெல்லிய துண்டுகளாக எல்லாப் படமும் இருக்கும். தேவைப்பட்டால் அதை வைத்தே முப்பரிமாண உருவமும் செய்துகொள்வார்கள். வேறொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனாலும் அதுதான் கைகொடுக்கும்.

அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை தமனி, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு, நடுவில் சிக்கலானால் முழுச் சிறுநீரகத்தையும் எடுக்க வேண்டிவருமா. கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலரும் தயங்குகிறார்கள். கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார்.

அப்புறம், இந்த அளவுக் கட்டிகள் பெரும்பாலும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். இரண்டாவது கருத்துக்காகச் சில வாரம் எடுத்துக்கொள்ளலாம். ரத்தம் உறையாமலிருக்க அவர் ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். சிறுநீரில் ரத்தம் வந்தால் மட்டும் நாள் பார்க்காமல் உடனே போய்விடுங்கள்.