வெயிலில் மட்டும் வரும் எர்ரர்: கேமரா பழுதா, லென்ஸ் பழுதா?

வாசகர் கேள்வி: ஆறு வருடமாக ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருக்கிறேன். கூடவே வந்த 18-55 லென்ஸைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறேன். சில மாதங்களாக, படம் எடுக்கும்போது திடீரென்று நின்றுபோய், "லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே தொடர்பு சரியில்லை, லென்ஸ் காண்டாக்டுகளைச் சுத்தம் செய்யவும்" என்ற செய்தி வருகிறது. ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடுகிறது. ஏறக்குறைய 60 படத்துக்கு ஒரு முறை வருகிறது. வீட்டுக்குள் எடுத்தால் வருவதே இல்லை, வெளியே வெயிலில்தான் வருகிறது. லென்ஸும் கேமராவும் தொட்டுக்கொள்ளும் அந்த உலோகக் காண்டாக்டுகளைப் பலமுறை துடைத்துவிட்டேன். சர்வீஸுக்குக் கொடுத்தேன்; ஒரு வாரம் வைத்திருந்து "பழுது எதுவும் இல்லை" என்று திருப்பித் தந்தார்கள். சமீபத்தில் வேறு கம்பெனி பேட்டரி ஒன்றும் வாங்கினேன். சூட்டினால் வருகிறதா, பேட்டரியா, கேமராவே போய்விட்டதா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. "வீட்டுக்குள் வருவதில்லை, வெயிலில்தான் வருகிறது." நீங்கள் இதைச் சூடு என்று எடுத்துக்கொண்டீர்கள். நான் வேறு மாதிரி படிக்கிறேன். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு. அதனால் கேமரா லென்ஸை முழுதாகத் திறந்து வைத்தே படம் எடுக்கும், எஃப்/3.5, எஃப்/5.6 என்று. வெயிலில் வெளிச்சம் அதிகம். எஃப்/8, எஃப்/11 என்று அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை, சுருக்கும் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்). ஆக, உள்ளே இருந்து வெளியே வரும்போது வெப்பம் மட்டும் மாறுவதில்லை. லென்ஸுக்குள் ஒரு பாகம் வேலை செய்யத் தொடங்குகிறது.

டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியே பார்க்கும்போது லென்ஸ் எப்போதும் முழுதாகத் திறந்தே இருக்கும், பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டும் அல்லவா. நீங்கள் எஃப்/11 வைத்திருந்தாலும், பட்டனை அழுத்தும் நொடியில்தான் வியூஃபைண்டருக்கு வெளிச்சத்தைத் திருப்பும் கண்ணாடி மேலே எழும்பி, துளையைச் சுற்றியுள்ள அப்பர்ச்சர் இதழ்கள் சுருங்கி, ஷட்டர் திறந்து மூடி, இதழ்கள் மறுபடி விரியும். முழுத் திறப்பில் எடுத்தால் இதழ்கள் அசையவே வேண்டாம். உங்களுடையது போன்ற லென்ஸ்களில் பெரும்பாலும் இதழ்களை அசைப்பது உள்ளே இருக்கும் ஒரு குட்டி மோட்டார். அதற்கு மின்சாரம் கொண்டுபோவது ஃபிளெக்ஸ் கேபிள் என்ற மெல்லிய நாடா. ஜூம் வளையத்தைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த நாடா மடங்கி நிமிர்கிறது. வருடக்கணக்கில் மடங்கிய இடத்தில் மயிரிழை விரிசல் விழும். ஜூம் ஒரு நிலையில் இருக்கும்போது விரிசல் ஒட்டிக்கொள்ளும், இன்னொரு நிலையில் பிரிந்துவிடும். வந்து வந்து போகும் பழுது என்பது பெரும்பாலும் இப்படித்தான்.

இதழ் சொன்னபடி அசையவில்லை என்றால் கேமராவுக்குத் தெரிவதெல்லாம் "லென்ஸிடம் சொன்னேன், பதில் சரியாக வரவில்லை" என்பது மட்டுமே. அதனால் காண்டாக்டைத் துடைக்கச் சொல்கிறது. எர்ரர் செய்தி என்பது கேமராவின் ஊகம், அவ்வளவுதான். கேனனில் எர்ரர் 01 என்பது இந்த வகை. பழைய கேனன் கேமராக்களில் எர்ரர் 99 என்று ஒன்று உண்டு. எங்கே தப்பு என்று கேமராவுக்கே தெரியாதபோது வருவது. அந்த எண்ணை வைத்து யாரும் எதையும் கண்டுபிடித்துவிட முடியாது.

உங்கள் சர்வீஸ் கதையும் இப்போது புரியும். மேசையில், அறை வெளிச்சத்தில், பத்து இருபது படம் தட்டிப் பார்த்திருப்பார்கள். லென்ஸ் முழுத் திறப்பிலேயே இருந்திருக்கும். எர்ரர் எப்படி வரும்?

சரி, இது என் சந்தேகம்தான். நிரூபித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் எண்ணிக்கை பற்றி ஒரு விஷயம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். உங்களுக்குச் சராசரியாக 60 படத்துக்கு ஒரு முறை எர்ரர் வருகிறது. எதையோ துடைத்துவிட்டு 60 படம் எடுக்கிறீர்கள், எர்ரர் வரவில்லை. சரியாகிவிட்டதா? பழுது அப்படியே இருந்தாலும் 60 படம் தொல்லையில்லாமல் ஓடிப்போக 100-க்கு 36 வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் "துடைத்தேன், நின்றது, மறுபடி வந்தது" என்று பலர் சொல்கிறார்கள். துடைத்ததற்கும் நின்றதற்கும் சம்பந்தமே இருந்திருக்காது. சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு எடுத்துப் பாருங்கள். உங்கள் கணக்கில் 180 படம். அத்தனையும் எர்ரர் இல்லாமல் போனால், தற்செயலாக அப்படி நடந்திருக்க வாய்ப்பு 100-க்கு 5 தான். அப்புறம் நம்பலாம். இத்தனை படம் தட்டினால் ஷட்டர் தேயுமே என்று பயப்பட வேண்டாம். பொதுவாக ஒரு லட்சம் தடவை வாக்கில் தாங்கும்படி செய்யப்படுபவை அவை. சில நூறு ஒரு பொருட்டே இல்லை.

இப்போது சோதனை. வெயில் வேண்டாம், நிழலான ஓர் இடம் போதும். கேமராவுடன் வந்த பழைய பேட்டரியையே முழுதாக சார்ஜ் செய்து போடுங்கள். மேனுவல் மோடில் வைத்து, ஃபோகஸையும் மேனுவலுக்கு மாற்றுங்கள். படம் நன்றாக வர வேண்டியதில்லை, சுவரைப் பார்த்துத் தட்டினாலும் சரி. முதலில் லென்ஸின் முழுத் திறப்பில் 180 படம். ஜூமை 18, 24, 35, 55 என்று அவ்வப்போது மாற்றிக்கொண்டே எடுங்கள். முழுத் திறப்பு எண் ஜூமோடு கூடவே மாறும் என்பதை மறக்க வேண்டாம்: 18-இல் எஃப்/3.5 என்றால் 55-இல் எஃப்/5.6. பிறகு வேறு எதையும் மாற்றாமல் அப்பர்ச்சரை மட்டும் எஃப்/11-க்குக் கொண்டுபோய் இன்னொரு 180. முதல் சுற்றில் எர்ரர் இல்லாமல், இரண்டாவதில் நிழலிலேயே வந்தால் சூடும் இல்லை, பேட்டரியும் இல்லை, காண்டாக்டும் இல்லை. அப்பர்ச்சர்தான். அதிலும் ஏதாவது ஒரு ஜூம் நிலையில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் ஃபிளெக்ஸ் கேபிள் என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம்.

ஒவ்வொரு முறை எர்ரர் வந்ததும், ஆஃப்-ஆன் செய்தவுடன் உங்கள் உள்ளங்கையை ஒரு படம் எடுத்துவிடுங்கள். அப்புறம் கணினியில் பார்க்கும்போது, உள்ளங்கைப் படத்துக்கு முந்தைய படத்தின் எக்ஸிஃப் விவரத்தில் (படத்தோடு சேர்த்துக் கேமரா பதிந்துவைக்கும் குறிப்பு) ஜூம் நிலை, அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், நேரம் எல்லாம் இருக்கும். ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை. அந்த முந்தைய படம் முழுக் கறுப்பாகவோ வெளிறியோ இருக்கிறதா என்றும் கவனியுங்கள். சுருங்க வேண்டிய இதழ் சுருங்காவிட்டால் படம் வெளிறித்தான் போகும்.

முழுத் திறப்பிலும் எர்ரர் வந்தால்? அப்போது என் ஊகம் தப்பு, வேறு இடத்தில் தேட வேண்டும். வேறொரு லென்ஸை மாட்டி அதே 180. அதில் வராவிட்டால் பழைய லென்ஸின் காண்டாக்டோ உள் மின்பலகையோ காரணமாக இருக்கலாம். லென்ஸை மாட்டியபடியே மெதுவாக அசைத்துப் பாருங்கள். மவுண்ட்டில், அதாவது லென்ஸை மாட்டும் வளையத்தில், ஆட்டம் இருந்தால் காண்டாக்ட் விட்டு விட்டுத்தான் தொடும். எந்த லென்ஸிலும் வந்தால் பாடியின் பக்கம், அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவின் பக்கம், பார்வையைத் திருப்புங்கள்.

பாடி என்றதும் எல்லோரும் ஷட்டரை நினைக்கிறார்கள். நான் முதலில் பேட்டரி மூடியைப் பார்ப்பேன். மூடி திறந்திருக்கிறதா என்று அறிய அதன் ஓரத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். மூடி தளர்ந்திருந்தால், பிடிக்கும் விதத்தைப் பொறுத்து அந்த சுவிட்ச் விட்டு விட்டு வேலை செய்யும். ஒருமுறை என் சொந்தக் கேமராவில் பத்து நாள் லென்ஸையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்கும்போது மட்டும்தான் எர்ரர், படுக்கையாக எடுத்தால் இல்லை. மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்ததும் நின்றுவிட்டது.

வேறு கம்பெனி பேட்டரியில் எல்லாமே மோசம் இல்லை. ஆனால் பழைய அல்லது தரம் குறைந்த பேட்டரி, சும்மா இருக்கும்போது முழு அளவு காட்டிவிட்டு, ஃபோகஸ் மோட்டாரும் கண்ணாடியும் ஷட்டரும் ஒரே நேரத்தில் மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் சரிந்துவிடும். தொடர்ச்சியாகப் பட பட என்று எடுக்கும்போதோ குளிரிலோ மட்டும் எர்ரர் வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். ஷட்டரைப் பிரித்தறிவதும் சுலபம்: மின்னணு ஷட்டர் வசதி உள்ள கேமராவில் அதற்கு மாற்றி எடுத்துப் பாருங்கள். அதில் எர்ரர் வராமல் சாதாரண ஷட்டரில் மட்டும் வந்தால் ஷட்டரைச் சந்தேகிக்கலாம். மெமரி கார்டு உங்கள் விஷயத்தில் வராது. கார்டுக் கோளாறு என்றால் செய்தியே கார்டைப் பற்றித்தான் இருக்கும்.

காண்டாக்ட் துடைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலமுறை துடைத்தேன் என்கிறீர்களே. பென்சில் ரப்பர் வேண்டாம். அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. ரப்பர் துகள் சென்சார் பக்கம் விழுந்தால் அது தனித் தலைவலி. உப்புத்தாள், பிளேடு பற்றிப் பேசவே வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மவுண்ட் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, நூல் பிரியாத துணியில் இரண்டு சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு (துணியில்தான், கேமராவில் அல்ல) ஒருமுறை துடைத்தால் போதும்.

சோதனையில் அப்பர்ச்சர் என்று உறுதியானால், லென்ஸையும் கேமராவையும் சேர்த்தே சர்வீஸுக்குக் கொடுங்கள். "எப்போதாவது வருகிறது" என்று சொல்லாதீர்கள். "ஜூம் 24, எஃப்/11, 180 படத்தில் நான்கு முறை, முழுத் திறப்பில் ஒருமுறைகூட இல்லை" என்று தாளில் எழுதிக் கொடுங்கள். கூடவே வரும் சாதாரண ஜூம் லென்ஸுக்குக் கேபிள் மாற்றுவதைவிட அதே லென்ஸை இன்னொன்று வாங்குவதே பல நேரம் மலிவு. அதையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அதுவரை கேமராவைப் பெட்டியில் வைக்க வேண்டியதில்லை. அப்பர்ச்சர் ப்ரையாரிட்டி மோடில் (அப்பர்ச்சரை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் மோட்) முழுத் திறப்பிலேயே வைத்து எடுங்கள், இதழ்களுக்கு வேலை வராது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/3.5 என்றால் ஷட்டர் வேகம் 1/2000 வாக்கில் வரும். உங்கள் வகைக் கேமராக்கள் பொதுவாக 1/4000 வரை போகும். பின்னணி கொஞ்சம் மங்கலாக இருக்கும், படம் எடுப்பது நிற்காது.