கட்டத்துக்குள்ள எத்தனை பேர்?

இந்தத் தடவை வந்த கேள்வி எல்லாமே கை ஸ்கொயர் பத்திதான், அதாவது ரெண்டு விஷயத்துக்கு நடுவுல தொடர்பு இருக்கான்னு எண்ணிக்கை டேபிளை வச்சுப் பார்க்கிற புள்ளியியல் டெஸ்ட். தீசிஸ் சமர்ப்பிக்கிற நேரம் போல. ஒரே மாதிரி கேட்டிருந்ததையெல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன்.

அக்கா, நான் எம்.எஸ்சி நர்சிங் ரெண்டாம் வருஷம். 60 தாய்மார்கிட்ட தாய்ப்பால் பத்தி எவ்வளவு தெரியும்னு கேட்டு இன்அடிக்வேட், மாடரேட், அடிக்வேட்னு மூணா பிரிச்சிருக்கேன். வயசு, படிப்பு, மதம், வருமானம்னு 10 டெமோகிராஃபிக் வேரியபிளோட எஸ்பிஎஸ்எஸ்ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல கை ஸ்கொயர் போட்டதுல படிப்புக்கு மட்டும் பி வேல்யூ 0.03 வந்துச்சு, மத்த ஒம்பதும் என்எஸ் (நாட் சிக்னிஃபிகன்ட்). ஆனா டேபிள் அடியில "6 செல்லுல எக்ஸ்பெக்டெட் கவுண்ட் 5-க்குக் கம்மி, 66.7%"னு ஒரு வரி வருது. சீனியர்ஸ் அதைக் கண்டுக்காதேங்கறாங்க. கண்டுக்கணுமா? — சேலம் வாசகி

கண்டிப்பா கண்டுக்கணும்மா. அந்த அவுட்புட்லயே நான் முதல்ல படிக்கிற வரி அதுதான், பி வேல்யூ எல்லாம் அப்புறம் (தொடர்பே இல்லைன்னாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலா வர்ற வாய்ப்புதான் பி வேல்யூ, அது 0.05-க்குக் கீழ வந்தா சிக்னிஃபிகன்ட்னு சொல்றது வழக்கம்).

எக்ஸ்பெக்டெட் கவுண்ட்னா என்ன? படிப்புக்கும் தாய்ப்பால் பத்தின அறிவுக்கும் சம்பந்தமே இல்லைன்னா இந்தக் கட்டத்துல எத்தனை பேர் இருந்திருப்பாங்களோ அதுதான். அந்த வரிசையோட மொத்தத்தையும் அந்தக் காலத்தோட (மேலிருந்து கீழ போற நெடுவரிசையோட) மொத்தத்தையும் பெருக்கி 60-ஆல வகுத்தா வந்துடும். உங்க சாம்பிள்ல டிகிரி படிச்சவங்க 8 பேர், அடிக்வேட்ல வந்தவங்க 15 பேர்னு வச்சுக்கோங்க. 8 × 15 ÷ 60, அதாவது 2 பேர். இப்போ நிஜத்துல அங்க 5 பேர் இருந்தா வித்தியாசம் 3, அதோட வர்க்கம் 9, அதை 2-ஆல வகுத்தா 4.5. அதே கட்டத்துல 4 பேர் இருந்திருந்தா வெறும் 2 தான் வந்திருக்கும். ஒரே ஒரு அம்மா, அன்னைக்குக் குழந்தை அழுததால கவனம் சிதறி அடிக்வேட்ல இருந்து மாடரேட்டுக்குப் போயிருந்தாக்கூட இந்தக் கட்டத்தோட பங்கு ரெண்டுக்கு மேல இறங்கியிருக்கும்! அப்படி ஒருத்தர் மேல நிக்கிற முடிவை வார்டுல இருக்கிற மத்த அம்மாமார் எல்லாருக்கும் பொருந்தும்னு எப்படி எழுதறது சொல்லுங்க.

கார்ல் பியர்சன் 1900-ல இந்த டெஸ்டைக் கொடுத்தப்போ அது ஆள் நிறைய இருந்தா சரியா வர்ற ஒரு தோராயம், கட்டத்துல ஆள் கம்மியானா அந்தத் தோராயம் ஆட்டம் கண்டுடும். காக்ரன்னு ஒரு புள்ளியியல்காரர் 1954-ல சொன்ன வழக்கத்தைத்தான் இன்னிக்கும் எல்லாரும் பிடிச்சிக்கிட்டிருக்கோம், அதாவது 5-க்குக் கீழ போற கட்டம் மொத்தத்துல 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, எதுவுமே 1-க்குக் கீழ போகக்கூடாது. உங்களுக்கு 66.7. கவனிங்க, இது எக்ஸ்பெக்டெட் கவுண்டுக்கு உள்ள விதி, நீங்க எண்ணின எண்ணிக்கைக்கு இல்ல. கட்டத்துல 0 பேர் இருந்தாக்கூட எக்ஸ்பெக்டெட் 7-னா பிரச்சனை கிடையாது. இதை மாத்திப் புரிஞ்சுக்கிட்டு வைவால (தீசிஸுக்கான வாய்மொழித் தேர்வுல) தடுமாறுற பிள்ளைங்களை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

என்ன பண்ணலாம்? அர்த்தம் கெடாம வகைகளைச் சேர்க்கலாம், பள்ளிக்கூடம் வரைக்கும் படிச்சவங்க ஒரு பக்கம், அதுக்கு மேல படிச்சவங்க ஒரு பக்கம்னு. ஆனா எப்படிச் சேர்த்தா சிக்னிஃபிகன்ட்னு ஸ்டார் வருதுன்னு பார்த்துப் பார்த்துச் சேர்க்கக்கூடாது, பி வேல்யூவைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே கைடுகிட்ட பேசி முடிவு பண்ணிடணும். இல்லைன்னா ஃபிஷர்ஸ் எக்ஸாக்ட் டெஸ்ட், தோராயம் இல்லாம வாய்ப்பை நேரடியா கணக்குப் போடறது. 2-க்கு 2 டேபிள்னா எஸ்பிஎஸ்எஸ் கேக்காமலே கொடுத்துடும், பெரிய டேபிளுக்கு எக்ஸாக்ட் டெஸ்ட்ஸ்ங்கற கூடுதல் மாட்யூல் வேணும், பல காலேஜ்ல அது இருக்காது. அப்போ ஆர் சாஃப்ட்வேர் இலவசமா இருக்கு, அதுல பெரிய டேபிளுக்கும் ஃபிஷர் வேலை செய்யும்.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப மனசுல உறுத்தற விஷயம். நீங்க 10 டெஸ்ட் போட்டிருக்கீங்க. எதுக்குமே சம்பந்தம் இல்லாத டேட்டாவா இருந்தாக்கூட 10 தடவை 0.05 வச்சுப் பார்த்தா ஒண்ணாவது தற்செயலா சிக்னிஃபிகன்ட்னு வர்றதுக்கு 40 சதவீதம் வாய்ப்பு இருக்கு. அந்த ஒத்த 0.03-ஐப் பிடிச்சுக்கிட்டு "படிப்புக்கும் அறிவுக்கும் தொடர்பு உண்டு"ன்னு முடிவுரை எழுதி, அதை நாளைக்கு ஒரு ஜூனியர் தன்னோட தீசிஸ்ல எடுத்துப் போட்டு, அப்படியே அது உண்மையாவே ஆகிடுது. எச்சரிக்கையா போகணும்னா 0.05-ஐ 10-ஆல வகுத்து 0.005-க்குக் கீழ வந்தா மட்டும் சொல்லுங்க. போட்ட பத்து டெஸ்டையும் டேபிள்ல காட்டுங்க, "மொத்தம் 10 பார்த்தோம், ஒண்ணு 0.03, கட்டங்கள்ல ஆள் கம்மி"ன்னு எழுதுங்க. என்எஸ்னு வந்ததால தீசிஸ் தோத்துப்போச்சுன்னு அர்த்தமே இல்லம்மா.

மேடம், நான் எம்.காம். கடைக்கு வர்றவங்க யுபிஐ பயன்படுத்துறதுல ஆண் பெண் வித்தியாசம் இருக்கான்னு சர்வே எடுத்தேன். எக்செல்ல சதவீதமா மாத்தி அதையே கை ஸ்கொயர்ல போட்டேன், வித்தியாசம் இல்லைன்னு வருது. ஃப்ரெண்டு போட்டா இருக்குன்னு வருது. — திருநெல்வேலி வாசகர்

ஃப்ரெண்டு போட்டது சரி தம்பி. கை ஸ்கொயருக்குத் தலையை எண்ணித்தான் கொடுக்கணும், சதவீதம் கொடுக்கவே கூடாது. 200 ஆண்ல 120 பேர், 200 பெண்ல 100 பேர் யுபிஐன்னு வச்சுக்குவோம். எண்ணிக்கையா போட்டா கை ஸ்கொயர் 4.04, 0.05-க்கான எல்லைக்கோடு 3.84, தாண்டிடுச்சு. இதையே 60-40, 50-50ன்னு சதவீதமா போட்டா சாஃப்ட்வேர் மொத்தமே 200 பேர்னு நினைச்சுக்கும், விடை 2.02-ஆ பாதியாயிடும். உண்மையில 20 பேர்கிட்ட மட்டும் கேட்டவங்க சதவீதம் போட்டா இதுக்கு நேர்மாறா இல்லாத பலம் வந்துடும், அது இன்னும் ஆபத்து.

எக்செல்ல இன்னொரு சிக்கல், அது எக்ஸ்பெக்டெட் டேபிளை நம்மளையே தயார் பண்ணிக் கொடுக்கச் சொல்லும், அங்க ஒரு ஃபார்முலா நகர்ந்தா யாருக்கும் தெரியாது. ஜமோவி, பிஎஸ்பிபி ரெண்டுமே இலவசம், அதுக்கு மாறிடுங்க. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரியா டைப் பண்ண டேட்டாதான் நல்லது. எண்ணி முடிச்ச டேபிள் மட்டும்தான் கையில இருக்குன்னா எஸ்பிஎஸ்எஸ்ல டேட்டா மெனுவுல வெயிட் கேசஸ் போட்டு எண்ணிக்கை காலத்தைக் காட்டணும், அதை மறந்தா 400 பேர் 4 பேரா ஆகிடுவாங்க.

அதே டேட்டா, அதே 2-க்கு 2 டேபிள். எஸ்பிஎஸ்எஸ்ல பி 0.044, ஆர்ல 0.056. எதை நம்பறது? — கோவை

மேல சொன்ன 120-100 டேபிளைப் போட்டாலே இந்த ரெண்டு எண்ணும் வரும் பாருங்க! ஆர் 2-க்கு 2 டேபிள்னாலே கேக்காம ஏட்ஸ் கரெக்‌ஷனைச் சேர்த்துடும், பைத்தான்ல சைபைங்கற கணக்குத் தொகுப்பும் அப்படித்தான். ஏட்ஸ் 1934-ல சொன்ன திருத்தம் அது, ஒவ்வொரு வித்தியாசத்துலயும் அரை கழிச்சுட்டுக் கணக்குப் போடறது. எஸ்பிஎஸ்எஸ் ரெண்டையும் கொடுக்கும், முதல் வரி பியர்சன், அடுத்த வரி கன்டின்யுட்டி கரெக்‌ஷன், நீங்க முதல் வரியை எடுத்திருக்கீங்க. ஆர்ல கரெக்ட் ஃபால்ஸ்னு கொடுத்தா 0.044 வந்துடும். ஏட்ஸ் ரொம்பவே கை இறுக்கம்னு பல பேர் சொல்லுவாங்க, இவ்வளவு பெரிய சாம்பிள்ல நானும் பியர்சனைத்தான் எடுப்பேன். எதை எடுத்தீங்கன்னு எழுதிடுங்க, அதுதான் முக்கியம். அப்புறம் 0.044-க்கும் 0.056-க்கும் நடுவுல உலகம் ஒண்ணும் மாறிடல, 60-க்கு 50-ங்கற வித்தியாசம் ரெண்டுலயும் அதேதான்.

டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 2-க்கு 2 டேபிளுக்கு ஏன் 1? நாலு கட்டம் இருக்கே? — வேலூர்

ஓர மொத்தங்களை எழுதிட்டு ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பிப் பாருங்க, மீதி மூணும் தானாவே நிரம்பிடும். சுதந்திரம் ஒரே கட்டத்துக்குத்தான். பியர்சனே இதை 3-னு எடுத்துக்கிட்டிருந்தார், 1922-ல ஃபிஷர்தான் இல்ல 1-னு திருத்தினார், பியர்சன் கடைசி வரைக்கும் ஒத்துக்கல. உங்களுக்குப் புரியலைன்னா வெட்கப்பட ஒண்ணுமே இல்ல.

ட்ரெய்னிங்குக்கு முன்னாடி 60 பேர், பின்னாடி அதே 60 பேர். ப்ரீ டெஸ்ட், போஸ்ட் டெஸ்ட்னு ரெண்டு வரிசை வச்சு கை ஸ்கொயர் போட்டுட்டேன். வைவால தப்புன்னு சொல்லிட்டாங்க. — மதுரை வாசகி

வைவால சொன்னது நியாயம்தாம்மா. ஒரு ஆள் ஒரு கட்டத்துலதான் இருக்கணும்ங்கறது இந்த டெஸ்டோட அடிப்படை, நீங்க 60 பேரை 120 பேரா எண்ணிட்டீங்க. உங்க கேள்விக்கு மக்நெமர் டெஸ்ட், 1947-லயே வந்தது. வரிசையில ப்ரீ, காலத்துல போஸ்ட் வைங்க, அப்போ ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு கட்டத்துல உட்காருவாங்க. மாறாதவங்க கணக்குலயே வரமாட்டாங்க. தெரியாம இருந்து தெரிஞ்சுக்கிட்டவங்க 24, தெரிஞ்சிருந்து தவறவிட்டவங்க 6-னா வித்தியாசம் 18, வர்க்கம் 324, அதை 30-ஆல வகுத்தா 10.8, நல்லாவே மாற்றம் இருக்கு. எஸ்பிஎஸ்எஸ்ல அதே கிராஸ்டேப்ஸ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பட்டனுக்குள்ள மக்நெமர்னு ஒரு டிக் இருக்கு. ஆனா உங்ககிட்ட மார்க்கே இருக்குன்னா அதை ஏன் வகையா உடைக்கறீங்க, ஒரே ஆளோட முன்-பின் மார்க்கை ஒப்பிடற பேர்ட் டி டெஸ்ட் போட்டுடுங்களேன்.

பி வேல்யூ .000-னு வருது. அப்போ ரொம்ப வலுவான தொடர்புன்னு எழுதலாமா? — திருச்சி

முதல்ல .000-னு எழுதாதீங்க, பூஜ்யம் வராது, 0.001-க்குக் கம்மின்னு எழுதுங்க. வலுங்கறது வேற விஷயம். பி வேல்யூ ஆள் எண்ணிக்கையோட சேர்ந்து ஓடும், சதவீதம் அப்படியே இருக்க ஆளை மட்டும் பத்து மடங்கு ஆக்கினா கை ஸ்கொயரும் பத்து மடங்கு ஆகிடும். வலுவுக்கு கிராமர்ஸ் வி (0-லேருந்து 1 வரைக்கும் போற தொடர்பு அளவு) பாருங்க, எங்க வித்தியாசம்னு பார்க்க செல்ஸ் பட்டன்ல அட்ஜஸ்டெட் ரெசிடுவலை (அந்தக் கட்டம் எக்ஸ்பெக்டெட்ல இருந்து எவ்வளவு விலகியிருக்குங்கற அளவை) டிக் பண்ணுங்க.

ஆர் கூடவே வர்ற டைட்டானிக் டேட்டாவை ஒரு தடவை போட்டுப் பாருங்க. 2201 பேர், பிழைச்சவங்க 711. முதல் வகுப்புல 325-க்கு 203, ரெண்டாம் வகுப்புல 285-க்கு 118, மூணாம் வகுப்புல 706-க்கு 178, கப்பல் ஊழியர்கள் 885-க்கு 212. கை ஸ்கொயர் 190.4, பி வேல்யூ சொல்லவே வேணாம், ஆனா கிராமர்ஸ் வி 0.29 தான். இதெல்லாம் மொத்தத்துக்கு ஒரு எண், யாருக்கு என்ன ஆச்சுன்னு இதுல தெரியாது. வகுப்புக்கும் உயிருக்கும் சம்பந்தமே இல்லைன்னா முதல் வகுப்புல 105 பேர் பிழைச்சிருக்கணும், பிழைச்சது 203. ஊழியர்கள்ல 286 பேர் பிழைச்சிருக்கணும், பிழைச்சது 212. ரெசிடுவல் முதல் வகுப்புக்கு 12.6, ஊழியர்களுக்கு மைனஸ் 6.9, மூணாம் வகுப்புக்கு மைனஸ் 4.9. பிளஸ் மைனஸ் 2-ஐத் தாண்டினாலே கவனிக்கணும்ங்கறப்போ இது எவ்வளவு தூரம் பாருங்க. அந்த 74 பேர் குறைவுங்கறது வெறும் எண் இல்ல, பாய்லர் அறையில கரி அள்ளிப் போட்டவங்களும் அதுல இருக்காங்க. அதனாலதான் சொல்றேன், தீசிஸ்ல "தொடர்பு உண்டு"ன்னு ஒத்தை வரியோட நிறுத்தாதீங்க, எந்தக் கட்டத்துல ஆள் கூட, எந்தக் கட்டத்துல குறைச்சல்னு எழுதுங்க.

எங்க மாவட்டத்துல ஒரு அட்மிஷன் டேட்டா கையில இருக்கு. பெண்களுக்கு இடம் கம்மியா கிடைச்சிருக்கு, கை ஸ்கொயரும் சிக்னிஃபிகன்ட். பாரபட்சம்னு எழுதிடலாமா? — பேர் வேண்டாம்

கொஞ்சம் பொறுங்க. கலிஃபோர்னியாவுல பெர்க்லி யுனிவர்சிட்டியில 1973-ல இதே கேள்வி வந்துச்சு. பெரிய ஆறு துறைகளோட டேட்டாவை எடுத்தா 2691 ஆண்கள்ல 1198 பேருக்கு இடம், 1835 பெண்கள்ல 557 பேருக்கு. அதாவது 44.5-க்கு 30.4 சதவீதம், கை ஸ்கொயர் 92. பார்த்தவுடனே நமக்குக் கோபம்தான் வரும். ஆனா துறை துறையா பிரிச்சா ஏ துறையில பெண்கள் 108-க்கு 89 பேர், 82 சதவீதம், ஆண்கள் 62 சதவீதம்தான். மத்த துறைகள்ல பெரிசா வித்தியாசமே இல்ல. நடந்தது என்னன்னா எல்லாருக்குமே இடம் கிடைக்கக் கஷ்டமா இருந்த துறைகளுக்குத்தான் பெண்கள் அதிகமா போட்டிருந்தாங்க, எஃப் துறையில ஆணோ பெண்ணோ 6, 7 சதவீதம் பேருக்குத்தான் கிடைச்சது. 1975-ல சயன்ஸ் இதழ்ல இந்த ஆய்வு வந்துச்சு.

இதைச் சொல்றதால உங்க டேட்டாவுல பாரபட்சம் இல்லைன்னு நான் சொல்ல வரல. துறை வாரியா பிரிச்ச பிறகும் வித்தியாசம் நின்னா அப்போ தயங்காம எழுதுங்க. அப்படி நிக்கலைன்னாலும் பொண்ணுங்க ஏன் அந்தத் துறைகளுக்கே போறாங்க, அங்க ஏன் இடம் இவ்வளவு கம்மிங்கறது இன்னொரு நல்ல கேள்வி, அதுக்கு கை ஸ்கொயர் பதில் சொல்லாது, நீங்க போய் அவங்ககிட்டயே கேக்கணும். எஸ்பிஎஸ்எஸ்ல கிராஸ்டேப்ஸ் திறந்தா வரிசை, காலம் ரெண்டுக்கும் கீழ லேயர்னு ஒரு பெட்டி காலியா இருக்கும், துறையை அதுல இழுத்துப் போடுங்க, துறைக்கு ஒரு டேபிளா வந்துடும். வந்த டேபிளை எனக்கு அனுப்புங்க, மாணவர்களோட பேரை மட்டும் எடுத்துட்டு.