14 கம்ப்யூட்டருக்கு சர்வர் வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் சிறிய பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் நடத்துகிறேன். அலுவலகத்தில் 14 விண்டோஸ் கம்ப்யூட்டர்கள். பிரவுசரில் முகப்புப் பக்கம் அடிக்கடி மாறிவிடுகிறது. ஆளாளுக்கு எக்ஸ்டென்ஷன் போடுகிறார்கள், வங்கி பாஸ்வேர்டைக்கூட பிரவுசரிலேயே சேமிக்கிறார்கள். செட்டிங்ஸை ஒரே இடத்திலிருந்து பூட்ட சர்வர் வாங்கச் சொல்கிறார் கம்ப்யூட்டர் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: கோட்டேஷனில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் ஒன்றைப் பாருங்கள்: ஊழியர்கள் எந்தக் கணக்கில் லாகின் செய்கிறார்கள்? பெரும்பாலும் எல்லோருமே அட்மினிஸ்ட்ரேட்டராகத்தான் இருப்பார்கள். அப்படியிருந்தால் எந்தப் பூட்டையும் அவர்களே கழற்றிவிடலாம். எல்லோரையும் ஸ்டாண்டர்டு யூசராக மாற்றி, அட்மின் பாஸ்வேர்டை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை. சில நாள் முணுமுணுப்பு மட்டும் கேட்கும்.

அடுத்து பிரவுசர். ஃபயர்பாக்ஸில் பூட்டும் வசதி 2018-இல் வந்த 60-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது, இலவசம்தான். ‘பாலிசீஸ்.ஜேசன்’ (policies.json) என்ற ஒரு சின்னக் கோப்பில் முகப்புப் பக்கம், அனுமதிக்கும் எக்ஸ்டென்ஷன்கள், பாஸ்வேர்டு சேமிப்புக்குத் தடை எல்லாவற்றையும் எழுதி, ஃபயர்பாக்ஸ் போல்டருக்குள் ‘டிஸ்ட்ரிபியூஷன்’ (distribution) என்ற போல்டரில் வைத்தால் போதும். 14 கம்ப்யூட்டரிலும் அதே கோப்பை நகலெடுக்கலாம். ஒரு கமா தவறினாலும் கோப்பு முழுவதும் வேலை செய்யாது. அதனால் முகவரிப் பட்டையில் ‘அபௌட்:பாலிசீஸ்’ (about:policies) என்று ஆங்கிலத்தில் தட்டிச் சரிபாருங்கள். கெட்டிக்கார ஊழியர் ஒருவர் தன் கணக்குக்குள் மட்டும் இன்னொரு ஃபயர்பாக்ஸை நிறுவிக்கொண்டால் இந்தக் கோப்பு அதைக் கட்டுப்படுத்தாது. அந்தக் கவலை இருந்தால் இதே விதிகளை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்ஸைச் சேமிக்கும் இடம்) வைக்கச் சொல்லுங்கள்.

குரோமில் ஒரு சிக்கல் உண்டு. தனியாக நிற்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் முகப்புப் பக்கம், தேடுபொறி போன்ற சில விதிகளை ரெஜிஸ்ட்ரியில் எழுதினாலும் குரோம் கண்டுகொள்ளாது. தீய மென்பொருள்கள் இதே வழியில் நுழைந்ததால் கூகுள் வைத்த கட்டுப்பாடு அது. கம்ப்யூட்டர் நிறுவன டொமைனில் (எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) சேர்ந்திருக்க வேண்டும், அல்லது பிரவுசரை ‘குரோம் என்டர்பிரைஸ் கோர்’ சேவையில் பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டாவது வழி இலவசம், சர்வரும் தேவையில்லை. 14 குரோமையும் ஒரே வலைப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். உங்கள் தேவைக்கு என் தேர்வு இதுதான்.

பிரவுசர் மட்டுமல்ல, விண்டோஸையும் மற்ற மென்பொருள்களையும் சேர்த்துப் பூட்டியே ஆகவேண்டும் என்றால்தான் சர்வர் பேச்சு. அப்போதும் இரண்டைக் கேளுங்கள். ஒன்று, கம்ப்யூட்டர்களில் இருப்பது விண்டோஸ் ஹோமா, ப்ரோவா? ஹோம் பதிப்பு டொமைனில் சேராது. அதை ப்ரோவாக மாற்றும் செலவு கோட்டேஷனில் இருக்கிறதா என்று பாருங்கள். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும் ‘ப்ரோ கீ’ பக்கம் போகாதீர்கள். ஜி.எஸ்.டி. பில் கிடைக்காத லைசென்ஸால் ஆடிட்டிங்கில் தலைவலிதான். இரண்டு, விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு வாங்கினால் ஒவ்வொரு பயனருக்கோ கம்ப்யூட்டருக்கோ ‘கிளையன்ட் அக்சஸ் லைசென்ஸ்’ தனியாக வாங்கவேண்டும். கோட்டேஷனில் இந்த வரி இல்லையென்றால் விலை குறைவாகத் தெரியும், அப்புறம் ஏறும். உங்கள் அளவுக்கு விண்டோஸ் சர்வரின் எசென்ஷியல்ஸ் பதிப்பே போதும். 25 பயனர், 50 கம்ப்யூட்டர் வரை அந்தத் தனி லைசென்ஸ் தேவையில்லை. கடைக்காரர் ஏன் அதைச் சொல்லவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கோவையில் ஆடிட்டர் அலுவலகம். நான்கு பேர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் ஸ்டாண்டர்டு வைத்திருக்கிறோம். அதிலேயே அவர்கள் லேப்டாப்பைக் கட்டுப்படுத்த முடியாதா?

பதில்: முழுமையாக முடியாது. அதற்கான இன்ட்யூன் (கம்ப்யூட்டர்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) பிசினஸ் திட்டங்களில் ப்ரீமியத்தோடுதான் சேர்ந்து வருகிறது. எல்லோருக்கும் ப்ரீமியம் எடுக்க வேண்டியதில்லை, அந்த நான்கு பேருக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம், திட்டங்களைக் கலந்து வைக்க அனுமதி உண்டு. லேப்டாப் அலுவலகத்துடையதா, ஊழியருடையதா என்பதையும் பாருங்கள். முழுதாகப் பதிவு செய்த கம்ப்யூட்டரை அலுவலகம் தொலைவிலிருந்தே அழித்துவிட முடியும். ஊழியரின் சொந்த லேப்டாப் என்றால், குழந்தையின் போட்டோவும் அதில்தான் இருக்கும். எழுத்தில் சம்மதம் வாங்காமல் பதிவு செய்யாதீர்கள். முடிந்தால் அலுவலக லேப்டாப் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.