ஈரப் பின்னலோடு ரயிலேறும் தோழிக்கு

கேள்வி: எனக்கு இடுப்பு வரைக்கும் அடர்த்தியான முடி. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலை ஐந்தேகாலுக்குத் தலைக்குக் குளித்துவிட்டு, வில்லிவாக்கத்தில் 7.35 மணிக்கு ரயிலைப் பிடிக்கிறேன். அவ்வளவு நேரம் இருந்தும் முடி காய்வதே இல்லை. அப்படியே பின்னிக்கொண்டு ஓடுகிறேன். சாயங்காலம் அவிழ்த்தால் உள்ளே இன்னும் ஈரம், ஒரு மாதிரி வாடை. "ஈரத்தலையைப் பின்னாதே, நீர் கோத்துக்கும், சளி பிடிக்கும்" என்று அத்தை சொல்கிறார். ஹேர் டிரையர் போட்டால் முடி பாழாகிவிடும் என்கிறாள் அலுவலகத் தோழி. முடி தானாகக் காய உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்? பேசாமல் தோள் வரைக்கும் வெட்டிவிடட்டுமா?
– பெயர் வேண்டாம், வில்லிவாக்கம்.

பதில்: முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் வந்த வாரம் எங்கள் வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் பேரனுடைய கிராப்புத் தலை இருபது நிமிடத்தில் காய்ந்துவிட்டது. என்னுடையது கழுத்தளவுதான், நரைத்து அடர்த்தியும் குறைந்த முடி. ஒரு மணி நேரம் ஆனது. என் மகளுக்கு உங்களைப் போலவே இடுப்பைத் தொடும் முடி. மூன்றரை மணி நேரம் கழித்தும் பிடரியில் விரலை விட்டால் சில்லென்று இருந்தது. இதுவே மே மாதமாக இருந்தால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். இது ஐப்பசி. வெளியே கொடியில் போட்ட பாவாடையே இரண்டு நாளாகக் காயவில்லை, முடி மட்டும் எப்படிக் காயும்?

ஆக, ஐந்தேகாலுக்குக் குளித்து ஏழு மணிக்குப் பின்னுகிறீர்கள் என்றால் உங்களிடம் இருப்பது ஒன்றே முக்கால் மணி நேரம். உங்கள் முடிக்கு அதைப் போல இரண்டு பங்கு வேண்டும். உங்கள் மேல் தப்பு ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் நேரம் இருக்கிறதே, நாள் முழுவதிலும் முடி காய்வதற்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. ஈரப்பதம் பொதுவாக உச்சத்தில் இருப்பது விடியற்காலையில்தான். வெயில் ஏற ஏறத்தான் காற்று மேலும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். கடலோர ஊரில் சொல்லவே வேண்டாம். காற்றே தண்ணீரைச் சுமந்துகொண்டு நிற்கும்போது ஃபேன் என்ன செய்யும்? அதே ஈரக் காற்றைத் திருப்பித் திருப்பி உங்கள் தலையில் அடிக்கும். படுக்கையறையில் ஏசி இருந்தால் அதைப் போட்டுவிட்டு, முடியை விரித்துக் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். ஏசி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துவிடும் என்பதால் மழைக்காலத்தில் ஹாலைவிட அங்கே சீக்கிரம் காயும். குளிர்கிறது என்றால் 'டிரை' என்று ரிமோட்டில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். வாங்கிய நாளிலிருந்து நம்மில் பாதிப் பேர் அதைத் தொட்டிருக்க மாட்டோம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தலைக்குக் குளித்து வந்ததும் முடியில் இரண்டு வகைத் தண்ணீர் இருக்கிறது. ஒன்று, இழைகளுக்கு நடுவே தங்கி நிற்பது. சொட்டுகிறதே, அது. இன்னொன்று, ஒவ்வொரு இழைக்குள்ளும் ஊறிப் போனது. தலைமுடி தன் எடையில் ஏறக்குறைய முப்பது சதவீதம் வரை தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்டு ஊறிய கொண்டைக்கடலை மாதிரி கொஞ்சம் பருக்கும். இழைக்குள் போனதைத் துண்டால் எடுக்க முடியாது, அது காற்றில் ஆவியாகித்தான் போக வேண்டும். ஆனால் நடுவில் நிற்கும் தண்ணீர் முழுக்கத் துண்டின் பொறுப்பு. நம்மில் பலர் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு காபி போடப் போய்விடுகிறோம். துண்டு எடுக்க வேண்டியதையும் ஃபேன் தலையில் கட்டிவிட்டு, பிறகு ஃபேனைத் திட்டுகிறோம்.

என் அம்மா ஈரிழைத் துண்டைத் தவிர வேறு எதையும் தலையில் தொட விடமாட்டார். அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன். குனிந்து முடி முழுவதையும் முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் துண்டால், நுனியிலிருந்து மேல்நோக்கி, கைப்பிடி கைப்பிடியாகப் பிடித்து அமுக்க வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. அந்தத் துண்டு நனைந்ததும் தூக்கிக் கொடியில் போட்டுவிட்டு, இரண்டாவது காய்ந்த துண்டை எடுக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். நனைந்த துண்டையே வைத்துக்கொண்டு கால் மணி நேரம் மல்லுக்கட்டினாலும் அது தண்ணீரை இழுக்காது. இரண்டாவது துண்டை விரல்களின் மேல் போர்த்திக்கொண்டு, வேர்க்கால்களுக்குள் விரலை விட்டு, எண்ணெய் தேய்ப்பது போலத் தலை முழுவதும் ஒற்ற வேண்டும். பிடரி, இரண்டு காதுகளின் பின்பக்கம், உச்சிக்குக் கொஞ்சம் கீழே முடி மிக அடர்த்தியாக இருக்கும் இடம் – கடைசியாகக் காய்வது இந்த நான்கும்தான். நுனி எப்போதுமே முதலில் காய்ந்துவிடும். நுனியைத் தொட்டுப் பார்த்து "காய்ஞ்சிடுச்சு" என்று பின்னிவிடுகிறோம், ஈரம் மேலே உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு எட்டு நிமிடம் ஆகும். என் மகளுக்கு இப்படிச் செய்து பார்த்த நாளில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சமானது. துண்டை முறுக்கிச் சடார் சடாரென்று முடியில் அடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு, பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும், வேண்டாம். ஈரமான இழை ரப்பர் போல நீளும், அடித்தாலும் இழுத்தாலும் சுலபமாக அறும். சீப்பும் அப்படித்தான். முக்கால்வாசி காய்ந்த பிறகு, பெரிய பல் சீப்பால் நுனியில் தொடங்கிச் சிக்கெடுத்துக்கொண்டே மேலே வாருங்கள்.

சரி, அத்தை விஷயம். ஈரத்தலையால் சளி பிடிக்காது. சளியைக் கொண்டுவருவது வைரஸ். அது உங்கள் ரயில் பெட்டியில் தும்முகிறவரிடமிருந்து வரும். ஆனால் ஈரத்தலையோடு ஏசிக்கு நேர் கீழே எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் தலை சில்லிட்டுப்போய் வலிக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். அந்த வலிக்குத்தான் நம் வீடுகளில் 'நீர் கோத்துக்கொண்டது' என்று பெயர். காரணம் தவறாக இருந்தாலும் அத்தை சொல்லும் யோசனை சரி. ஈரத்தலையைப் பின்னாதீர்கள். வேறு காரணத்துக்காக.

மூன்று கால் எடுத்துப் பின்னிய பின்னலுக்குள் காற்றே போகாது. வேர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, ஈரம், உடம்புச் சூடு எல்லாம் சேர்ந்து நாள் முழுக்க அங்கேயே இருக்கின்றன. தலைத்தோலில் எப்போதும் இருக்கும் கிருமிகளுக்கும் பூஞ்சைக்கும் இது கல்யாணச் சாப்பாடு. நீங்கள் சொன்ன வாடை அதிலிருந்துதான் வருகிறது. பொடுகு உள்ளவர்களுக்கு அரிப்பும் கூடும். அந்த வாடையை மறைக்க இரண்டு முழம் மல்லிகை வாங்கி வைப்பவர்களை எனக்குத் தெரியும். பூவின் ஈரமும் சேர்ந்து மாலையில் இன்னும் மோசமாகும். ஈரத்தலையின் மேல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஈர முடியை வழக்கமாக முடிந்து வைப்பவர்களுக்கு, அதுவும் நம்மைப் போன்ற புழுக்கமான ஊர்களில், இழைகளின் மேல் வெள்ளையாக மிகச் சிறிய முடிச்சுகள் வருவதுண்டு. வெள்ளை பியெட்ரா என்கிற பூஞ்சைத் தொற்று அது. ஈர் என்று நினைத்துக்கொண்டு பேன் மருந்தாக வாங்கித் தேய்ப்பார்கள், போகாது. வித்தியாசம் பார்ப்பது சுலபம். ஈர் முடியில் பசை போட்டது போல ஒட்டியிருக்கும், நகத்தால் உருவினாலும் சட்டென்று வராது. இந்த முடிச்சு மெத்தென்று இருக்கும், விரலால் உருவினாலே வந்துவிடும். அப்படி ஏதாவது தென்பட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது ஹேர் டிரையர். உங்கள் தோழி சொல்வது பாதி உண்மை. 2011-இல் கொரியாவில் ஓர் ஆய்வு நடந்தது. முடிக் கற்றைகளைக் கழுவி, சிலவற்றைத் தானாகக் காயவிட்டார்கள். மற்றவற்றை வெவ்வேறு தூரத்தில் டிரையரை வைத்துக் காய வைத்தார்கள். இப்படி முப்பது முறை. டிரையரை ஐந்து சென்டிமீட்டரில் வைத்தபோது சூடு 95 டிகிரிக்குப் போனது, இழையின் மேற்புறம் நன்றாகவே அடிபட்டது. பதினைந்து சென்டிமீட்டரில் வைத்தபோது சூடு 47 டிகிரிதான். எதிர்பார்க்காத சங்கதி என்னவென்றால், தானாகக் காய்ந்த முடியிலும் சேதம் இருந்தது. மேற்புறத்தில் இல்லை, உள்ளே செல்களை ஒட்டவைத்திருக்கும் மெல்லிய படலத்தில். நீண்ட நேரம் தண்ணீரில் ஊறிப் பருத்தே இருந்ததால் இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. பதினைந்து சென்டிமீட்டர் தூரத்தில், கையை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காய வைப்பது தானாகக் காயவிடுவதைவிட நல்லது என்று முடித்திருக்கிறார்கள். வெட்டியெடுத்த கற்றைகளில் செய்த சோதனை அது, உயிருள்ள தலையில் இல்லை. ஆகவே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 'டிரையர் என்றாலே பாழ், தானாகக் காய்வதே உத்தமம்' என்று இனிமேல் யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

பதினைந்து சென்டிமீட்டர் என்றால் பள்ளிக்கூடத்து ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் சின்ன ஸ்கேலின் நீளம். துண்டு வேலை முடிந்து, முடி அரை மணி நேரம் ஆறிய பிறகு, குறைந்த சூட்டில், அந்த நான்கு இடங்களின் வேர்ப்பகுதிக்கு மட்டும் போடுங்கள். நீளத்தை விட்டுவிடுங்கள்.

சாம்பிராணி போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, அத்தை கேட்பார். எங்கள் காலத்தில் தூபக்காலில் கனிந்த கரியைப் போட்டு, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் முடியை விரித்துவிடுவார்கள். வேலை செய்தது புகை இல்லை, கரியிலிருந்து எழும்பிய வெதுவெதுப்பான காற்று. அந்தக் காலத்து டிரையர் அது. இப்போது கடையில் விற்கும் கம்ப்யூட்டர் சாம்பிராணியில் அந்தச் சூடு வராது. வீடு மணக்கும், முடி காயாது. வீட்டில் வீசிங் உள்ளவர்கள் இருந்தால் இரண்டுமே வேண்டாம்.

தேங்காய் எண்ணெய்க்கு ஒரு வார்த்தை. குளிப்பதற்கு முன்னால் தடவினால் அது இழைக்குள் போய், தண்ணீர் ஊறுவதைக் கொஞ்சம் குறைக்கும். 2003-இல் இந்திய ஆய்வாளர்கள் தேங்காய், சூரியகாந்தி, மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அவர்கள் எண்ணெய் விற்கும் கம்பெனியைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பாட்டி சொன்னதும் அதேதான்.

இனி உங்கள் வாரத்தைக் கொஞ்சம் மாற்றலாம். செவ்வாய்க்கிழமைக் குளியலை ஞாயிறு பகல் பதினொரு மணிக்குக் கொண்டு போங்கள். அன்று ரயில் இல்லை, வெளிச்சமும் காற்றும் இருக்கும், முடியை விரித்துவிட்டுக் காய்கறி நறுக்கலாம். வெள்ளிக்கிழமையை மாற்றச் சொன்னால் வீட்டில் நடக்காது, எனக்கே தெரிகிறது. வியாழன் ராத்திரி குளிக்கலாம் என்றால் விளக்கு வைத்த பிறகு தலைக்கு ஊற்றக் கூடாது என்பார்கள். ஈரத்தலையோடு படுப்பதும் நல்லதில்லை. ஆகவே வெள்ளி மட்டும் காலையிலேயே குளியுங்கள், இரண்டு துண்டும் டிரையரும் அன்றைக்குத்தான். ஏழு மணிக்கும் லேசாக ஈரம் இருந்தால் முழுப் பின்னல் போட வேண்டாம். காதோரம் இரண்டு பக்கமும் கொஞ்சம் முடியெடுத்துப் பின்னால் ஒரு கிளிப், நீளத்தைத் தளர விட்டு நுனியில் ஒரு முடிச்சு. ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தால் மீதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அலுவலகத்தில் போய்ப் பின்னிக்கொள்ளுங்கள்.

வெட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இடுப்பிலிருந்து ஒரு சாண் குறைத்தால் நேரம் பெரிதாகக் குறையாது. கடைசி வரை ஈரமாக இருப்பது பிடரிதானே, அதை எந்தக் கத்தரியும் தொடப்போவதில்லை. தோள் வரைக்கும் வெட்டினால் பாதியாகக் குறையலாம். ஆசைப்பட்டு வெட்டுவதென்றால் தாராளமாக வெட்டுங்கள், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 7.35 ரயிலுக்காக வெட்டிவிட்டு, பிறகு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் வளர்கிறதா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

ஈரிழைத் துண்டு புதிதாக வாங்குவதாக இருந்தால் இரண்டு மூன்று முறை வெந்நீரில் அலசிக் காயப்போட்ட பிறகு தலைக்கு எடுங்கள். புதுத் துண்டில் கஞ்சி இருக்கும், அது போகும் வரைக்கும் தண்ணீரை இழுக்காது. அத்தையின் பீரோவில் பழசு ஒன்று இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.