சேலைதான் கட்ட வேண்டும் என்று மெமோ கொடுக்கலாமா?

கேள்வி: குமரி மாவட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருப்பதால் துப்பட்டாவோடு சுடிதார் அணிந்து போனேன். "சேலைதான் இங்கே வழக்கம்" என்று தாளாளர் மெமோ கொடுத்து ஏழு நாளில் விளக்கம் கேட்கிறார். சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறதா?

பதில்: ஆசிரியை சேலைதான் கட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, சகோதரி.

உங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டே பெண்கள் உடைக்கு 'வழக்கம்' என்று காரணம் சொல்வதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. அந்த மண் தென் திருவிதாங்கூராக இருந்தபோது நாடார் பெண்கள் தோள்சீலை (மார்பை மறைக்கும் மேல்துணி) போடக் கூடாது என்று 1829-இல் அரசாணையே வந்தது, அப்போதும் காரணம் வழக்கம்தான். மீறிப் போட்ட பெண்களை அடித்தார்கள், பொது இடத்தில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள். 1859 ஜூலையில்தான், அதுவும் சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, மன்னர் உத்திரம் திருநாள் இறங்கி வந்தார். அந்தப் பிரகடனத்திலும் குப்பாயம் என்ற ரவிக்கை போன்ற சட்டை போடலாம், முரட்டுத் துணி போர்த்தலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்றே இருந்தது. தன் உடையைப் பெண் தானே முடிவு செய்வதுதான் அன்றும் இன்றும் இவர்களுக்கு உறுத்துகிறது.

சரி, இதையெல்லாம் விளக்கக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். அது சுருக்கமாக இருக்கட்டும்: கண்ணியமான உடையில்தான் வந்தேன், எந்த விதியை மீறினேன் என்று குறிப்பிட்டு நகல் தாருங்கள், அவ்வளவு போதும். தலைமைச் செயலக ஊழியர்களுக்கே 2019 அரசாணை சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் மூன்றையும் அனுமதிக்கிறது. அது உங்கள் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் சுடிதார் கண்ணியக் குறைவு என்ற வாதம் அதற்குமுன் நிற்காது. உடை என்பது அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்து வெளிப்பாட்டு உரிமையில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் திருநர் உரிமை பற்றிய 2014 நால்சா தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. ஆனால் நிர்வாகம் நியாயமான உடை விதி வைத்துக்கொள்ள முடியும், அதனால் அடிப்படை உரிமையை மட்டும் நம்பி இறங்காதீர்கள். எழுதப்பட்ட விதியே இல்லை என்பதுதான் உங்கள் பலம்.

அப்புறம், அப்படி ஏதாவது அரசு உத்தரவு உண்டா என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் உடலைப் பற்றி யாராவது பாலியல் தொனியில் பேசியிருந்தால் அது வேறு வழக்கு. பணியிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை தருவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், தாளாளர் மீதே என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம்.

விளக்கத்தை அந்த ஏழு நாளுக்குள் டெலிவரி சான்றோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், நகலைப் பத்திரமாக வையுங்கள்.