பத்து நாளில் குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. அப்பா காலமாகி ஒன்றரை வருடமாகிறது. மூன்று மாதமாக அம்மா விடியப்புறம் மூன்று மணிக்கே எழும்பி விறாந்தையில் இருந்துவிடுகிறார். சமையலிலும் கோயிலிலும் இருந்த ஈடுபாடு போய்விட்டது. எப்போதும் தலையிடி, உடல் உளைவு என்கிறார். வைத்தியர் மனச்சோர்வு என்று சொல்லிக் குளிசை தந்து பத்து நாளாகியும் மாற்றம் இல்லை. “கனக்க யோசிக்கிறதால வந்தது, குளிசை பழக்கமாகிவிடும்” என்கிறார் பெரியம்மா. மூளையில் செரோட்டோனின் என்ற இரசாயனம் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்ற கதையே பொய்யாகிவிட்டது, நிறுத்துங்கள் என்கிறார் கனடாவில் இருக்கும் அண்ணா. இது மூளை வருத்தமா, மன வருத்தமா? குளிசையை நிறுத்தலாமா? (மகள், கொக்குவில்)

பதில்: நிறுத்த வேண்டாம். மருந்தைத் தந்த வைத்தியரிடம் பேசாமல் அளவைக் குறைக்கவும் வேண்டாம். உங்கள் பெரியம்மா, அண்ணா இருவர் சொல்வதிலும் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பங்கிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவுதான் பிழையானது.

அண்ணாவின் பக்கத்தை முதலில் பார்ப்போம். 1952இல் நியூயோர்க்கில் காசநோயாளருக்குப் புதிதாகக் கொடுக்கப்பட்ட ஒரு மருந்து, அவர்களின் மனநிலையையும் எதிர்பாராத அளவுக்கு உயர்த்தியது. அம்மருந்து மூளையில் செரோட்டோனின் போன்ற இரசாயனங்களைக் கூட்டுகிறது என்பது தெரிந்தபோது, அவற்றின் குறைவுதான் மனச்சோர்வுக்குக் காரணமாக இருக்க வேண்டும் என்ற கருத்து 1960களில் வேரூன்றியது. பனடோல் போட்டால் தலையிடி நிற்கிறது என்பதற்காக, உடலில் பனடோல் குறைந்ததால்தான் தலையிடி வந்தது என்று எவரும் சொல்வதில்லை; இங்கே கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லப்பட்டது. மனச்சோர்வு உள்ளவர்களில் செரோட்டோனின் குறைந்திருப்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் வெளிவந்த ஒரு விரிவான மீளாய்வு கூறியது. அண்ணா வாசித்தது அதன் செய்தியாக இருக்கலாம். ஆனால் நோய் எதனால் வந்தது என்பதும், மருந்து பயன்படுகிறதா என்பதும் வேறு வேறு கேள்விகள். 522 பரிசோதனைகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வில், பார்க்கப்பட்ட 21 மருந்துகளும் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிடக் கூடிய பலன் தந்தன. அந்த வித்தியாசம் மிகப் பெரியதன்று என்பதையும், முதல் மருந்திலேயே முற்றாகக் குணமாவோர் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டி வரும்.

பத்து நாள் ஏன் போதாது? மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரப்படும் குளிசை நரம்புக்கலங்களுக்கு இடையில் செரோட்டோனினைச் சில மணித்தியாலங்களிலேயே கூட்டிவிடுகிறது, ஆனால் மனம் இலகுவாகத் தொடங்க இரண்டு முதல் நான்கு கிழமை பிடிக்கும். முழுப் பலனைக் கணிக்க ஆறு முதல் எட்டுக் கிழமையாவது வேண்டும். அந்த இடைவெளியில் நரம்புக்கலங்கள் செரோட்டோனினை உணரும் தம் ஏற்பிகளைச் சரிசெய்து, புதிய தொடுப்புகளை வளர்க்கின்றன என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம். இந்த நாட்களில் வயிற்றுப் பிரட்டலும் ஒருவகைப் பதற்றமும் வரலாம். பெரும்பாலும் அவை தாமாகவே தணியும்.

விடியப்புற விழிப்பையும் வெறும் நித்திரைக் குறைவாக எடுக்காதீர்கள். உடலை உசாராக்கும் கோர்ட்டிசோல் என்னும் ஓமோன் நள்ளிரவில் தாழ்ந்து, விடியும் நேரத்தை அண்டி ஏறுவது இயல்பு. நீண்டகாலம் நெருக்கடியில் இருந்த பலரிடம் அதைத் தணிக்கும் தடுப்பு சரியாக இயங்குவதில்லை. இத்தகைய நோயாளருக்குக் காலை மிகக் கனமாகவும் பின்னேரம் சற்று இலேசாகவும் இருப்பதைக் காண்கிறோம். உங்கள் அம்மாவிடமும் அது தெரிகிறதா என்று கவனியுங்கள். இதற்காக மூளை ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். மனச்சோர்வை உறுதிப்படுத்தும் ஸ்கேன் எதுவும் இல்லை. அந்தக் காசுக்குத் தைரொயிட், குருதிச்சோகை, விற்றமின் பி12 ஆகியவற்றைப் பார்த்துவிடலாம், ஏனெனில் தைரொயிட் குறைவும் குருதிச்சோகையும் பி12 குறைவும் இதே வேடத்தில் வருவதுண்டு.

இனிப் பெரியம்மாவின் ‘யோசனை’. எங்கள் ஊரில் ஒருவர் “கனக்க யோசிக்கிறார்” என்றால் அது பாதி நோயறிதல்தான். ஒன்றைத் தீர்ப்பதற்காக யோசிப்பது வேறு. “இன்னும் கொஞ்சம் முந்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால்” என்று ஒரே வட்டத்தில் செக்குமாடாய்ச் சுற்றுவது வேறு. இந்தச் சுழல் சோர்வை நீட்டிக்கிறது. சோர்வு சுழலை இறுக்குகிறது. “யோசிக்காதே” என்று சொல்வதால் அது நிற்பதில்லை. துக்கம் என்றால் அலையாக வந்து போகும், நடுவில் ஒரு சிரிப்பும் வரும். மனச்சோர்வில் அந்த இடைவெளியே அடைபட்டு, “நான் எதற்கும் உதவாதவள்” என்ற நினைப்புக் குடியேறிவிடுகிறது.

மூளையா மனமா என்ற உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த விடை ஒரு பழைய பரிசோதனையில் இருக்கிறது. செலிக்மன், மையர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர் 1967இல், தாம் எதைச் செய்தும் தடுக்கமுடியாத மின்னதிர்ச்சியைப் பெற்ற நாய்கள் பிறகு தப்ப வழியிருந்தும் தப்ப முயலாமற் படுத்துவிட்டதைக் கண்டு, அவை கையறுநிலையைக் கற்றுக்கொண்டன என்றார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2016இல், அவர்களே அதைத் தலைகீழாக்கினார்கள்: நீண்ட துன்பத்தில் ஒடுங்கிக் கிடப்பது மூளையின் இயல்பான எதிர்வினை, கற்றுக்கொள்ளப்படுவது “என்னால் ஒன்றை மாற்ற முடிகிறது” என்பதே. அந்த அனுபவம் கிடைக்கும்போது முன்மூளையின் ஒரு பகுதி, மூளைத்தண்டிலுள்ள செரோட்டோனின் கலங்களின் அளவுமீறிய கிளர்ச்சியை அடக்குகிறது. அனுபவமும் இரசாயனமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. 1995 இடப்பெயர்வு தொடங்கி எத்தனையோ முறை எதுவும் தன் கையில் இல்லை என்பதைப் பார்த்த தலைமுறை உங்கள் அம்மாவினுடையது. யாழ் மாவட்டத்தில் 2009இல் நடத்தப்பட்ட ஒரு கணக்கெடுப்பில் 22.2 சதவீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன.

ஆகவே குளிசையோடு, அம்மாவின் கையில் சிறிய காரியம் ஒன்றையும் கொடுங்கள். விருப்பம் வந்தபின் செய்யட்டும் என்று காத்திருந்தால் விருப்பம் வராது; செய்தபின்தான் அது மெல்ல எட்டிப்பார்க்கும். பின்னேரம் இரண்டு பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவது போதும். கோயிலுக்குப் போகச் சொல்லும் பெரியம்மாவை நான் மறுக்கமாட்டேன்: தோய்ந்து, உடுத்து, நடந்து, நாலு பேரைக் காண்பதே ஒரு சிகிச்சைதான். வற்புறுத்தல் மட்டும் வேண்டாம். அண்ணா தொலைபேசியில் “குளிசை போட்டீங்களா” என்று விசாரிப்பதை விட்டு, ஒடியற்கூழ் எப்படிக் காய்ச்சுவது என்று அம்மாவிடமே கேட்கட்டும்.

பழக்கமாகும் என்ற பயம் நித்திரைக் குளிசைகள் சிலவற்றுக்குப் பொருந்தும். மருந்துச் சீட்டில் அப்படி ஒன்று இருந்தால் எத்தனை நாளைக்கு என்று வைத்தியரிடம் கேளுங்கள். மனச்சோர்வுக் குளிசைக்கு ஏக்கம் உண்டாவதில்லை, ஆனால் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் தலைக்குள் மின்சாரம் அடித்தது போன்ற உணர்வும் வரலாம். எனவே குணமாகி ஆறு மாதமாவது தொடர்ந்த பிறகு படிப்படியாகவே குறைப்பார்கள். மூட்டு நோவுக்கு டைக்ளோபினாக் போன்றவற்றை அம்மா தாமாகவே வாங்கிப் போடுபவரானால் அதையும் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவுக்கு வாய்ப்புக் கூடும்.

ஒன்றை மட்டும் இன்றே செய்யுங்கள். “சாக வேண்டும் போல இருக்கிறதா அம்மா?” என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த நினைப்பு முளைப்பதில்லை. ஆம் என்றால், அல்லது சாப்பாட்டையும் பேச்சையும் விட்டுவிட்டால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் யாழ் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அகற்றிவிடுங்கள், குளிசை அட்டைகளையும் நீங்களே வைத்திருந்து அன்றன்றைக்குக் கொடுங்கள். இலங்கையில் தற்கொலை வீதம் 1995க்குப் பின் வெகுவாகக் குறைந்ததற்குக் கொடிய நஞ்சுகளைத் தடைசெய்தது ஒரு முக்கிய காரணம்.